பத்தாயிரம் கன்றுகளுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

கடலூரில் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உலகம் முழுவதும் காடுகள் அழிகின்றன என்று படிக்கிறோம். எங்கள் மாணவர் குழு இந்த ஆண்டு பத்தாயிரம் மரக்கன்றுகள் நட நினைக்கிறது. ஏரியிலா, கடற்கரையிலா, பிச்சாவரத்திலா என்று முடிவாகவில்லை. இதனால் காடு உண்மையிலேயே மீளுமா, அல்லது வெறும் சடங்காகப் போய்விடுமா?"

நடுங்கள். ஆனால் பத்தாயிரம் என்ற எண்ணை முதலில் விட்டுவிடுங்கள். காட்டுக்கான வேலையில் ஒரு வரிசை உண்டு. மிச்சமிருக்கும் காட்டைக் காப்பது முதல் வேலை. காடு அழிந்த இடத்தில் அது ஏன் தானாகத் திரும்பவில்லை என்று கண்டறிந்து அந்தத் தடையை நீக்குவது அடுத்தது. கன்று நடுவது அதற்கும் அடுத்தது. பெரும்பாலான திட்டங்கள் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே நாட்டு மரங்களின் விதைகளோடும் நாற்றங்கால்களோடும் வாழ்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வரிசையைப் புரிந்துகொள்ள நீங்கள் அமேசானுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்திலேயே உலகத்துக்கே பாடமாக இருக்கும் இடங்கள் உள்ளன.

முதலில் உலகக் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2020இல் தந்த மதிப்பீட்டின்படி உலகில் அப்போது 406 கோடி ஹெக்டேர் காடு இருந்தது. நிலப்பரப்பில் 31 விழுக்காடு. 1990க்கும் 2020க்கும் இடையே அழிக்கப்பட்டு வேறு பயன்பாட்டுக்குப் போன காடு 42 கோடி ஹெக்டேர். இந்தியாவின் மொத்தப் பரப்பே சுமார் 33 கோடி ஹெக்டேர்தான். அழிவின் வேகம் 1990களில் ஆண்டுக்கு 1.6 கோடி ஹெக்டேராக இருந்து, 2015 முதல் 2020 வரையிலான காலத்தில் 1 கோடியாகக் குறைந்தது. இது ஆறுதல் தரலாம். ஆனால் 2024இல் வெப்பமண்டலங்களில் மட்டும் 67 லட்சம் ஹெக்டேர் ஆதிக்காடு, அதாவது பெரிதாகக் கை படாத பழங்காடு, போய்விட்டது. அதில் ஏறக்குறைய பாதி தீயால் போனது.

கோடரியோடு வரும் மரத்திருடனைத்தான் நாம் குற்றவாளியாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் உலகக் காட்டழிவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குக் காரணம் விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் விரிவதுதான். தென் அமெரிக்காவில் மாடும் சோயாவும், தென்கிழக்கு ஆசியாவில் எண்ணெய்ப் பனையும். உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. நம் ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் பாக்கெட்டுக்கும் போர்னியோ, சுமத்ரா காடுகளுக்கும் இப்படி ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. குறைந்த விலை எண்ணெயை நம்பிச் சமைக்கும் குடும்பத்தின் மீது இந்தப் பழியைச் சுமத்துவது அநியாயம். காட்டை அழித்து விளைவித்த சரக்கை வாங்க மாட்டோம் என்று சொல்ல வேண்டியது அரசுகளும் பெரிய நிறுவனங்களும்தான்.

அரசு நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசிலே சான்று. 2004இல் அங்கே அமேசான் காட்டில் 27,772 சதுர கிலோமீட்டர் அழிக்கப்பட்டது; 2012இல் 4,571 சதுர கிலோமீட்டர். செயற்கைக்கோள் வழியே உடனுக்குடன் கண்காணிப்பு, அதிகாரிகளின் நேரடி நடவடிக்கை, பழங்குடியினர் நிலங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு, காட்டை அழிப்பவர்களுக்கு வங்கிக் கடன் மறுப்பு ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. பின்னர் பிடி தளர்ந்தது. 2021இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2004க்கும் 2012க்கும் இடைப்பட்ட அந்த எட்டு ஆண்டுகளில் காப்பாற்றப்பட்ட காட்டுக்கு ஈடாக எத்தனை கோடிக் கன்றுகள் நட வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படி நட்டாலும் ஈடாகாது. 2011இல் ஜெர்மனியின் பான் நகரில் தொடங்கிய உறுதிமொழித் திட்டம் 2030க்குள் 35 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்கப் போவதாகச் சொல்கிறது. நாடுகள் அதன்கீழ் என்ன செய்யப் போகின்றன என்று 2019இல் நேச்சர் இதழில் சில அறிவியலாளர்கள் கணக்கிட்டு எழுதினார்கள். வாக்களிக்கப்பட்ட பரப்பில் 45 விழுக்காடு வணிக மரத்தோட்டம். தைல மரமோ வேறொன்றோ, பத்துப் பதினைந்து ஆண்டில் வெட்டி விற்கப்படுவது. இயற்கையாக மீள விடப்பட்ட காடு, இப்படிப்பட்ட தோட்டத்தைவிடச் சராசரியாக 40 மடங்கு கார்பனைச் சேமிக்கும் என்பது அவர்களுடைய முடிவு.

நம் நாட்டுக் கணக்கிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 விழுக்காட்டுக்கு மேல் மர நிழலும் இருந்தால் இந்திய வனக் கணக்கெடுப்பு அதைக் காட்டுப் பரப்பாகவே பதிவு செய்கிறது. நிலம் யாருடையது, மரம் எது என்று அது பார்ப்பதில்லை. ஆகவே சவுக்குத் தோப்பும் முந்திரித் தோப்பும் வானத்திலிருந்து பார்த்தால் காடுதான். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது அந்தத் தோப்புகள் ஒரே காலைப் பொழுதில் வேரோடு சாய்ந்ததை இந்த மாவட்டமே பார்த்தது. தோப்பைக் காடு என்று எழுதிக்கொண்டால் ஏட்டில் பரப்பு கூடும், அவ்வளவுதான்.

இனி பிச்சாவரத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையே, தில்லையும் கண்டலும் சுரபுன்னையும் வளரும் அலையாத்திக் காடு அது. பிரிட்டிஷார் காலத்திலிருந்து 1970கள் வரை அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறை வைத்து முழுமையாக வெட்டினார்கள். வெட்டிய பகுதியில் காடு தானாகத் திரும்ப வளர்ந்துவிடும் என்று நம்பினார்கள். பல இடங்களில் வளரவே இல்லை. அதன் பிறகு வழக்கமான பழிகள் வந்தன: சுற்றியுள்ள மக்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்று.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் சேர்ந்து காரணத்தைத் தேடியபோது கண்டது வேறு. மரம் போனதும் வெயில் நேரடியாகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்து, நடுவில் தொட்டி போலப் பள்ளம் உண்டானது. ஓதம் என்பது நாள்தோறும் கடல்மட்டம் ஏறி இறங்குவது; இந்தக் கடற்கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏற்றத்தில் பள்ளத்துக்குள் வந்த நீர், வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆக, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. கடல்நீரைவிட உப்பான அந்த மண்ணில் அலையாத்தி விதையால்கூட உயிர் பிடிக்க முடியவில்லை. கொள்ளிடத்தில் வரும் நன்னீரும் காலப்போக்கில் குறைந்ததால் உப்பைக் கழுவ ஆளில்லாமல் போனது. அங்கே எத்தனை ஆயிரம் கன்று நட்டிருந்தாலும் அத்தனையும் பட்டிருக்கும்.

அதனால் அவர்கள் முதலில் வெட்டியது வாய்க்கால். மீன் முள் வடிவத்தில் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். ஓத நீர் உள்ளே போய்த் திரும்பி வரத் தொடங்கியதும் உப்பு இறங்கியது. அதன் பிறகே வெண்கண்டலை நட்டார்கள். பல இடங்களில் நீரோடு மிதந்து வந்த விதைகளே ஊன்றிக்கொண்டன. வாய்க்காலில் வண்டல் சேரும்; ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். இதற்காக ஊர்தோறும் குழு அமைத்து, இருளர் குடும்பங்கள் உட்படக் காட்டை நம்பி வாழ்பவர்களோடு சேர்ந்து திட்டமிட்டார்கள். பின்னர் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் காட்டின் பரப்பு கூடியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இந்த முறை பிறகு வேறு மாநிலங்களின் கழிமுகங்களுக்கும் போனது.

இதற்கு நேர்மாறான கதை பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்தது. பெரும் பணம் செலவழித்துப் பல ஆண்டுகளாக அலையாத்தி நட்டார்கள். பெரும்பாலான இடங்களில் நீண்டகாலம் பிழைத்தவை பத்துக்கு ஒன்று, இரண்டுதான். அலையாத்தி இயல்பாக வளரும் மேட்டு நிலங்கள் மீன் பண்ணைகளாகிவிட்டன. அவற்றைத் திரும்பப் பெறுவது சட்டச் சிக்கல் நிறைந்த வேலை. அதனால், யாரும் உரிமை கொண்டாடாத, எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் சேற்றுப் பரப்பிலும் கடற்புல் வெளியிலும் நட்டார்கள். நடுவதற்கு எளிதான இடம் எதுவோ அதுதான் பெரும்பாலும் மரம் வளரத் தகாத இடம். கடலூரில் இடம் தேடும்போதும் இதை மறக்காதீர்கள்.

2004 ஆழிப்பேரலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அலையாத்தி நடும் ஒவ்வொரு மேடையிலும் அது பேசப்படுகிறது. அடர்ந்த காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, கடலை நேரே பார்த்த ஊர்கள் அழிந்தன என்று கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2005இல் சயின்ஸ் இதழில் வந்தது. பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக அறிவியலாளர்களும் அதையே சொன்னார்கள். மறு ஆண்டே வேறு சிலர் அதே தரவை எடுத்து, கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே உயிரிழப்பைப் பெருமளவு தீர்மானித்தன என்று மறுத்தார்கள். என் பார்வையில் இரண்டு தரப்பும் காட்டுக்கு ஆதரவானவையே. காடு அலையின் வேகத்தைத் தணிக்கிறது. ஆனால் அதை மதிலாக நம்பித் தாழ்வான இடத்தில் வீடு கட்டக் கூடாது. காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையில் காட்டின் ஆற்றலைக் கூட்டிச் சொன்னால், அடுத்த பேரழிவில் மக்கள் நம் பேச்சை நம்ப மாட்டார்கள்.

அலையாத்தியைவிட அதிக ஆபத்தில் இருப்பதும், அதைவிடக் குறைவாகப் பேசப்படுவதும் நம் கரையோரச் செம்மண்ணுக்கே உரிய காடு. அதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். ஆண்டில் பல மாதங்கள் மழை மிகக் குறைவாக இருக்கும் இடத்தில், ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டுமே பெரிதும் நம்பி, இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் காடு. உயரமும் அதிகமில்லை. வீரை, காசா, உலக்கைப் பாலை, கருங்காலி, மகிழம், நாவல், காட்டு எலுமிச்சை, இவற்றின் மேல் படர்ந்த கொடிகள். வங்கக் கடலோரம் ஒரு காலத்தில் நீண்ட பட்டையாக இருந்திருக்க வேண்டிய இந்தக் காடு இன்று பெரும்பாலும் துண்டு துண்டாக, ஐயனாரையும் அம்மனையும் சுற்றியுள்ள கோயில் காடுகளாக மட்டும் எஞ்சியிருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு பலருக்குத் தெரியும். உங்களுக்கு மிக அருகில் திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் இத்தகைய காட்டுத் துண்டுகளைப் புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் மரம் மரமாக அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

சில ஏக்கர்தானே என்று இவற்றைத் தள்ளிவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் அசல் காட்டின் விதை கிடைக்கும் இடம் இவையே. கொண்டைக்குருவியும் குயிலும் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் பழத்தைத் தின்று விதையை எடுத்துப்போகும் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. கத்தி படக் கூடாது, உதிர்ந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடு நூற்றாண்டுகளாக இவற்றைக் காத்தது. இன்று கோடரியைவிட இவற்றை அதிகம் குறைப்பது பக்தியின் பெயரால் நடக்கும் கட்டுமானம். வண்டி நிறுத்த இடம், சிமெண்ட் தளம், மண்டபம், கடை வரிசை என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் காட்டின் ஓரம் கொஞ்சம் உள்ளே தள்ளப்படுகிறது. வெளிச்சம் புகுந்த ஓரத்தில் உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் ஏறிக்கொள்கின்றன. பூசாரியோடும் ஊராரோடும் பேசி ஒரு கோயில் காட்டின் எல்லையை அளந்து, அதற்குள் இனிக் கட்டடம் வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுக்க வைத்தால், அது பத்தாயிரம் கன்றுக்கு மேலான வேலை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அழிந்த இந்தக் காட்டைத் திரும்ப உருவாக்க முடியுமா என்று கேட்டால், புதுச்சேரியை அடுத்துள்ள ஆரோவில் குடியிருப்பைப் போய்ப் பாருங்கள். 1968இல் அது தொடங்கியபோது மேட்டு நிலம் மொட்டைச் செம்மண். மழை நாளில் மண் கரைந்து ஓடிக் கடல் சிவக்கும். நீர் அரித்த பள்ளங்கள் ஆள் உயரத்துக்கும் மேல். அங்கே வந்தவர்கள் சுற்றுவட்டார ஊர்மக்களின் உழைப்போடு வரப்பும் தடுப்பணையும் போட்டு மழைநீரை நிலத்திலேயே நிறுத்தினார்கள். வறண்ட மண்ணில் வேகமாக நிழல் தர ஆஸ்திரேலிய வேலமரத்தைப் பெருமளவில் நட்டார்கள். அதன் நிழலில்தான் நாட்டு இனங்கள் நடப்பட்டன. பிச்சாண்டிக்குளம் போன்ற பகுதிகளில் இன்று வளர்ந்து நிற்பது பெரும்பாலும் நம் கரையோரக் காட்டின் இனங்களே. தானே புயலில் அந்த வேலமரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. கீழே வளர்ந்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. இவ்வளவும் ஆக நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காலத்தைச் சுருக்க வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நடாமலே மீட்டதற்கும் பெரிய சான்று இருக்கிறது. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் பல ஆண்டுகள் கன்று நட்டுத் தோற்ற பிறகு, வயல்களில் வெட்டுண்டு கிடந்த அடிக்கட்டைகள் உயிரோடிருப்பதை டோனி ரினாடோ என்பவர் 1980களில் கவனித்தார். துளிர்களில் நல்லதை மட்டும் விட்டுக் கழித்து வளர்க்கும்படி உழவர்களிடம் சொன்னார். ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரம் திரும்பியது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதுவரை அரசுடைமையாகக் கருதப்பட்ட மரம், நடைமுறையில் உழவருடையது ஆனது. கோஸ்டாரிகா 1996இல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைச் சட்டத்தால் தடுத்து, காட்டைக் காக்கும் நில உரிமையாளருக்கு எரிபொருள் வரியிலிருந்து பணம் கொடுத்தது. இன்று அந்நாட்டில் பாதிக்கு மேல் காடு. நம்மிடம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. காட்டில் வாழ்பவர்களுக்கு உரிமை கொடுத்தால் காடு போய்விடும் என்ற அச்சத்தில் அது பல இடங்களில் முடங்கிக் கிடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சரி, உங்கள் குழு என்ன செய்யலாம்?

ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் நடாதீர்கள். அது நீருக்கும் பறவைக்கும் உரிய இடம். கரையில் பனை வைக்கலாம். கடற்கரை மணல்மேட்டிலும் வேண்டாம். அங்கே அடம்புக்கொடியும் ராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அந்தக் கொடியையும் புல்லையும் களைந்து சவுக்கு நடுவதைப் பசுமைப் பணி என்று சொல்ல என்னால் முடியாது. பிச்சாவரத்தில் நடவு வேலையை வனத்துறையும் அங்குள்ள ஊர்க்குழுக்களும் பார்த்துக்கொள்ளட்டும். வாய்க்கால் தூர்வாரும் காலத்தில் உங்கள் கை தேவைப்படுகிறதா என்று அவர்களிடம் கேளுங்கள்.

கேப்பர் மலைப் பக்கம் போன்ற செம்மண் மேட்டில், கல்லூரி நிலமோ ஊர்ப் பொது நிலமோ, அரை ஏக்கர் கிடைத்தால் போதும். முதல் ஆண்டில் வேலியும் வரப்பும் மட்டும் போடுங்கள். ஆடு புகாமல் இருந்தாலே மண்ணில் உறங்கும் விதைகளும் பழைய வேர்களும் எழும். எது எழுகிறது என்று எழுதி வையுங்கள். இடைவெளி எங்கே என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். அந்த இடைவெளியில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில், பத்துப் பதினைந்து இனங்களைக் கலந்து நடுங்கள். கன்று முழங்கால் உயரம் இருந்தால் போதும். ஆள் உயரக் கன்று படத்தில் நன்றாகத் தெரியும், ஆனால் பையில் சுருண்ட வேர் புயலில் தாங்காது. அடுத்த மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது என்பதைப் பெயரோடு முடிவு செய்துவிட்டு நடுங்கள். நீங்கள் படிப்பை முடித்துப் போய்விடுவீர்கள். ஆகவே அந்தப் பெயர்களில் ஊர்க்காரர் ஒருவராவது இருக்க வேண்டும், அவருக்குக் கூலியும் இருக்க வேண்டும். நட்ட எண்ணிக்கையை யாருக்கும் சொல்லாதீர்கள். மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருக்கும் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

கன்றுக்குப் புதுச்சேரிப் பக்கத்து நாட்டு மர நாற்றங்கால்களில் இப்போதே சொல்லி வையுங்கள். வீரையும் கருங்காலியும் கேட்ட உடனே கிடைப்பவை அல்ல. கிடைக்காத இனத்துக்கு விதையை நீங்களே எடுக்க வேண்டியிருக்கும். பாலையும் நாவலும் வெயில் காலத்தின் கடைசியில் பழுக்கும். நாவல் விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. சதையைக் கழுவிய சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். கோயில் காட்டில் எடுப்பதாக இருந்தால் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டு, தரையில் உதிர்ந்ததில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். மற்றது அங்கேயே முளைக்கட்டும்.